பன்னிரண்டு மணிக்கு மரம் பார்த்த அக்கா

எங்கள் வீட்டுக் கிழக்குப் பக்கத்து இரண்டு அறைகளையும் வாடகைக்குக் கேட்டு வந்த நாளில் அந்த அக்கா அறைகளை எட்டியும் பார்க்கவில்லை. நான் அறைகளைத் திறக்கத் திறப்புக் கோர்வையைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கிறேன். அவர் குடையை விரித்துக்கொண்டு வளவுக்குள் இறங்கி, எங்கள் ஐந்து பலாமரங்களையும் ஒவ்வொன்றாகச் சுற்றி வருகிறார். ஒரு மரத்தின் இலையைப் பிடித்து மடித்துப் பார்த்தார். இன்னொன்றின் அடியில் குந்தியிருந்து மண்ணைக் கிளறினார். சாவகச்சேரியில் மத்தியானம் பன்னிரண்டு மணி வெயில் எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. நாய்கூட நிழலை விட்டு வராது.

“அக்கா, அறை இஞ்சாலை இருக்கு,” என்று கூப்பிட்டேன்.

“அறை ஓடாது தங்கச்சி. இந்த வெயில் போனாப் பிறகு மரத்திலை ஒண்டும் கண்டுபிடிக்கேலாது,” என்றார். பிறகு நிமிர்ந்து, “மூண்டாவது மரம் தாகத்திலை நிக்குது. கிணத்தடித் தண்ணியை வாழைக்கு மட்டும் திருப்பி விட்டிருக்கிறியள்,” என்றார்.

வந்து கால் மணித்தியாலம் ஆகவில்லை, அதற்குள் என் வளவில் குற்றம் பிடிக்கிறார்! எனக்குச் சுள்ளென்று ஏறியது. இப்படிப்பட்ட மனிசியை வீட்டுக்குள் விட்டால் நாளைக்கு என் சட்டி பானைக்கும் கணக்குக் கேட்கும் என்று இவரிடம் முணுமுணுத்தேன். இவர் என்றால் என் கணவர். நீதிமன்றத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவர். அவர் சிரித்துக்கொண்டு, “முப்பது வருசம் பொய்ச்சாட்சி கேட்டு என்ரை காது புளிச்சுப்போச்சு. உண்மை கதைக்கிற ஆள் ஒண்டு வீட்டிலை இருக்கட்டுமே,” என்றார். அன்றைக்கே திறப்பைக் கொடுத்துவிட்டேன். நாலு வருடம் எங்களோடு இருந்தார். போன வருடம் முழங்கால் ஏலாமல் போய்த் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார்.

ஊரெல்லாம் அவரை ரப்பர் அக்கா என்றுதான் சொல்லும். அவர் பிறந்தது கொழும்புத்துறையில், கடற்றொழில் செய்கிற கத்தோலிக்க வேதக்காரக் குடும்பத்தில். இளம் வயதில் தெற்கே போய், ரப்பர்த் தோட்டங்களில் ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு உதவியாளராக ஓய்வுபெறும்வரை வேலை பார்த்தவர். ரப்பர் மரத்தில் தண்ணீர் எப்படி ஏறுகிறது, நோய் பிடித்த மரத்தில் ஏன் ஏறாமல் நிற்கிறது என்று அளப்பதுதான் வேலை. ஆள் கலியாணம் முடிக்கவில்லை. கடற்கரையில் சொந்தத் தம்பியின் கல்வீடு இருக்க, எங்கள் பக்கம் வந்து ஏன் வாடகைக்கு இருக்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

“அங்கை இருந்து என்னத்தைப் பாக்கிறது? கடலிலை இருக்கிற தண்ணியெல்லாம் சும்மா கீழை கிடக்கு. எனக்கு மேலை ஏறுற தண்ணி வேணும்,” என்றார்.

சொன்னதுபோலவே ஏறுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஐந்து மரங்களுக்கும் பெட்டி கட்டுகிற தகரப் பட்டியை இடுப்புயரத்தில் சுற்றி, இரண்டு நுனிகளையும் ஒரு சுருள்வில்லால் இழுத்துக் கட்டினார். காலை ஆறு மணிக்கு ஒரு தடவை, பன்னிரண்டு மணிக்கு ஒரு தடவை, பள்ளிக்கூட ஆய்வுகூடங்களில் இருக்குமே வேணியர் இடுக்கிமானி, அதை வைத்து அந்தப் பட்டியின் இடைவெளியை அளந்து கொப்பியில் எழுதுவார். பக்கத்து வளவுப் பரமேஸ் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு, “என்னடி, மரத்துக்கெல்லாம் அரைஞாண் கட்டியாச்சோ? அடுத்தது காது குத்துக் கலியாணமோ?” என்று கேட்டாள். எனக்கு வெட்கமாகப் போயிற்று. ரப்பர் அக்காவுக்கு ஒரு வெட்கமும் இல்லை. “உங்கடை மாமரத்துக்கும் ஒண்டு கட்டிவிடுறன் பிள்ளை,” என்றார்.

ரப்பரில் ஏன் விடியற்காலையிலேயே பால் வெட்டுகிறார்கள் என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இரவு முழுக்க வேர் குடித்த தண்ணீரால் மரம் விம்மி நிற்கிற நேரம் அது. பட்டையைக் கீறியதும் பால் ஓடிவரும். வெயில் ஏற ஏற இலைகள் தண்ணீரை மேலே இழுக்க, வேர் குடிப்பது போதாமல் அடிமரம் ஒரு மயிரளவு மெலியும். பாலும் குறைந்துபோகும். வெயில் தாழ வேர் மறுபடி குடித்து, மரம் பழையபடி பருக்கும். எங்கள் பலாமரங்களும் அப்படித்தானாம். நம்பாமல் நானே ஒருநாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காலையும் மத்தியானமும் அந்தப் பட்டியைப் பார்த்தேன். உண்மைதான், மெலிந்திருந்தது. இருபத்தைந்து வருடமாக அந்த மரத்தின் கீழே துணி காயப்போடுகிறேன், அது மூச்சு விடுகிறது மாதிரி மெலிந்து பருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

“அங்கை ஒவ்வொரு நாளும் மழை தங்கச்சி. நிலம் சொதசொதவெண்டு கிடக்கும். அதுக்குள்ளை நிண்டுகொண்டு மரம் தாகத்திலை சாகும். வேரிலை வெள்ளைப் பூஞ்சணம் பிடிச்சிட்டா அதுக்குக் குடிக்க வாய் இல்லை. வாளி வாளியா ஊத்தினாலும் ஒரு சொட்டு மேலை ஏறாது. ஆனா இலையைப் பாத்தாக் கனநாளைக்குப் பச்சையாத்தான் இருக்கும்,” என்பார்.

அதனால்தான் அவருக்குக் காலை நேரத்து மரத்தில் நம்பிக்கை இல்லை. “காலமையிலை எல்லா மரமும் நல்ல மரம். பன்னண்டு மணிக்குப் பாத்தாத்தான் ஆர் குடிக்கினம், ஆர் நடிக்கினம் எண்டு தெரியும்,” என்று அடிக்கடி சொல்வார். ஆட்களையும் அப்படியே அளந்தார் என்று நினைக்கிறேன். அளந்ததை அப்படியே முகத்துக்கு நேரே சொல்லியும்விடுவார். அதுதான் அவரிடம் இருந்த ஒரே கரைச்சல்.

பரமேஸின் கறுத்தக்கொழும்பான் மாமரத்தை ஊரே மெச்சும். அதைப் பார்த்துவிட்டு வந்து, “நடுத்தண்டு கோறை, உள்ளுக்கை வெறும் பொந்து. அடுத்த காத்துக்கு ஒரு பக்கம் போகும்,” என்றார். பரமேஸ் மூன்று மாதம் அவரோடு கதைக்கவில்லை. காற்றடித்து ஒரு பக்கம் முறிந்து விழுந்த பிறகும் கதைக்கவில்லை, கண் பட்டுப்போனது என்று வேறு சொல்லித் திரிந்தாள். தீபாவளிக்கு நான் எடுத்த ஊதாச் சேலையைக் காட்டி எப்படி என்று கேட்டேன். “உங்களுக்குச் சரிவராது. கடைக்காரன் மாத்தித் தருவானோ?” என்றார். என் ஆட்டுக்கறிக்கு ஊரில் பேர் இருக்கிறது. அதைச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது, “உப்புக் கூடிப்போச்சு,” என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. இவர் வயிறு குலுங்கச் சிரித்தார். போகப்போக எனக்கும் பழகிவிட்டது. பழகியது மட்டுமில்லை, அவர் நல்லது என்று ஒன்றைச் சொன்னால் அது நல்லதுதான் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்புகிற அளவுக்கு ஆகிவிட்டேன்.

அவர் வந்த இரண்டாம் வருடம் எங்கள் வீட்டில் ஒரு காரியம் நடந்தது. என் ஒரே மகள் கலியாணம் முடித்து ஏழு வருடம். இரண்டு தடவை தங்கியது, இரண்டு தடவையும் மூன்றாம் மாதத்திலேயே போய்விட்டது. மூன்றாம் தடவை அவளை நான் என்னோடு கூட்டிவந்து வைத்துக்கொண்டேன். மருமகன் வவுனியாவில் வேலை, சனிக்கிழமைகளில் வந்து போவார். கார்த்திகையில் மூன்றாம் மாதம் தாண்டியது. வீட்டில் யாரும் அதைப்பற்றி வாய் திறக்கவில்லை. பயம்.

அதே கிழமை வீட்டோடு ஒட்டி நின்ற முதலாவது பலாமரம் அடியிலிருந்து கிளைவரை பிஞ்சு தள்ளியது. அது காய்க்கிற காலமே இல்லை. மற்ற நாலு மரங்களும் சும்மா நிற்க, இது மட்டும் அடைமழைக்குள் பிஞ்சும் தானுமாக நிற்கிறது. பரமேஸ் ஓடிவந்து பார்த்துவிட்டு, “எடியே, உன்ரை பிள்ளையோடை சேர்ந்து மரமும் பிள்ளைத்தாச்சியாகியிருக்கடி!” என்றாள். மகளின் முகத்தில் அன்றைக்குத்தான் சிரிப்பைக் கண்டேன்.

எங்கள் பக்கத்தில் வீட்டில் பிள்ளைத்தாச்சி இருந்தால் காய்க்கிற மரத்தை வெட்டி விழுத்த மாட்டார்கள். ஆட்டுக்குக் குழை ஒடிப்பது வேறு, அது அன்றாடப் பாடு. மரத்தைத் தறிப்பது என்றால் பேச்சே இல்லை. நான் அதோடும் நிற்கவில்லை. மனத்துக்குள் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டேன்: இந்த மரம் நின்றால் பிள்ளை நிற்கும். விசர்க்கதைதான், எனக்கும் தெரியும். ஆனால் இரண்டு தடவை பறிகொடுத்த வீட்டில் விசர் வராமல் வேறென்ன வரும்?

அந்தக் கிழமை ரப்பர் அக்கா ஒவ்வொரு நாளும் பன்னிரண்டு மணிக்கு அந்த மரத்தடியில் நின்றார். மழைக்குள்ளும் குடையோடு நின்றார். ஒருநாள் விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்த மகள் அவரைக் கூப்பிட்டாள். நான் பக்கத்தில் இருந்து பயற்றங்காய் ஒடித்துக்கொண்டிருந்தேன்.

“அன்ரி, எங்கடை மரம் எப்பிடி இருக்கு?”

அக்கா கொப்பியை மூடினார். மகளின் கை வயிற்றின் மேலே இருந்தது. அவர் அந்தக் கையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“நல்லாக் குடிக்குது பிள்ளை. எல்லாத்தையும் விட இதுதான் நல்லாக் குடிக்குது,” என்றார்.

அப்பாடா என்று இருந்தது எனக்கு. டொக்டர் சொன்னதைக்கூட நான் அப்படி நம்பவில்லை. அன்றைக்குத்தான் பல நாளுக்குப் பிறகு ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

அதன் பிறகு அக்காவுக்கு என்ன பிடித்ததோ தெரியாது, அந்த மரத்தை விட்டு நகரவில்லை. மார்கழியில் மழை விட்டதும் கூலிக்கு ஒருவரைப் பிடித்து, அந்த மரத்தைச் சுற்றி இடுப்பளவு ஆழத்துக்குக் கிடங்கு வெட்டுவித்தார். “பசளை போடவோ அக்கா?” என்று கேட்டேன். “பசளையும் போடலாம்,” என்றார். அடுத்த நாள் அந்தக் கிடங்கு நீளத்துக்கும் மஞ்சள் நிறத்தில் கந்தகத் தூள் கிடந்தது. “பாம்பு வராமலுக்கோ?” என்றேன். “ம்,” என்றார். பரமேஸின் ஆடுகளுக்குக் குழை வேண்டும் என்று கிழமைக்கு ஒரு தடவை அந்த மரத்தில்தான் கொப்பு ஒடிக்க விட்டார். அதுவும் வீட்டுப் பக்கம் சரிந்த கொப்புகளாகப் பார்த்து. மூன்று மாதம் முகம் பார்க்காத பரமேஸோடு வலியப் போய்க் கதைத்து எங்கள் குழையைத் தானம் பண்ணுகிறாரே என்று எனக்கு எரிச்சல். நாலு மரம் நிற்க இந்த ஒன்றில் ஏன் கை வைக்கிறீர்கள் என்றும் கேட்டேன். “இதிலைதான் குழை முத்தல், ஆடு விரும்பித் தின்னும்,” என்றார். ஆடு தின்றதும் உண்மைதான்.

இன்னொரு கூத்தும் செய்தார். மகள் படுக்கிற அறை அந்த மரத்துப் பக்கம். “என்ரை அறைக்குக் கடல்காத்து வரும், பிள்ளையை அதிலை படுக்க விடுங்கோ. நான் உங்காலை மாறுறன்,” என்று ஒரு பின்னேரம் தன் பாயையும் தலையணையையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். வாடகை கட்டுகிறவர் நல்ல அறையை விட்டுக் கொடுக்கிறார், நான் ஏன் வேண்டாம் என்பேன்?

பங்குனியில் மரத்தின் இலைகள் மங்கத் தொடங்கின. மகளுக்கு அப்போது ஏழாம் மாதம். நான் காலையும் மாலையும் கிணற்றில் தண்ணீர் அள்ளி அந்த மரத்துக்கு ஊற்றினேன். ஒவ்வொரு வாளிக்கும் பிள்ளையாரைக் கூப்பிட்டேன். தேவையில்லாமல் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினாலும் கையைப் பிடித்து நிறுத்துகிற மனிசி ரப்பர் அக்கா. இப்போது ஏச்சு வரும் என்று பார்த்தால், ஏலாத முழங்காலோடு மற்ற வாளியைத் தூக்கிக்கொண்டு என் பின்னால் வந்தார். நான் ஊற்ற, அவரும் ஊற்றினார்.

“குடிக்கும்தானே அக்கா?”

“ஊத்துங்கோ தங்கச்சி,” என்றார்.

வைகாசியில் பேத்தி பிறந்தாள். ஆறு இறாத்தல் சொச்சம். ஆஸ்பத்திரியால் கொண்டுவந்து வீட்டுக்குள் வைத்தபோது ஒரு அழுகை அழுதாள் பாருங்கள், பரமேஸ் வீட்டு ஆடெல்லாம் கத்தின. முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்து, ஐயரும் வந்து போய், வந்த சனமும் சாப்பிட்டுப் போயிற்று. அடுத்த நாள் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு ரப்பர் அக்கா என்னை மரத்தடிக்குக் கூப்பிட்டார். கையில் மண்வெட்டி.

“தங்கச்சி, இனி இதைத் தறிக்க வேணும். இது செத்துக் கனகாலம்.”

அடிமரத்து மண்ணை ஒரு வெட்டு வெட்டி விலக்கினார். வேர் முழுக்க வெள்ளை வெள்ளையாக நூல் ஓடியிருந்தது. பெருவிரல் மொத்தமான ஒரு வேரைப் பிடித்து இழுத்தார், தேத்தண்ணியில் ஊறின ரஸ்க் மாதிரிக் கையோடு வந்தது. முன்பு நாங்கள் தறித்த ஒரு மாமரத்தின் அடிக்கட்டையைக் கிளப்பாமல் மண் போட்டு மூடிவிட்டோமாம், அதிலிருந்து பிடித்த நோய். விட்டிருந்தால் வேர் வழியே மற்ற நாலு மரத்துக்கும் போயிருக்கும். அதை மறிக்கத்தான் கிடங்கும் கந்தகமும்.

“அப்ப காலம் தப்பிக் காய்ச்சது?” என்றேன்.

“சாகப்போறதுக்கு முதல் உள்ளது எல்லாத்தையும் காயிலை கொட்டும். ரப்பரிலையும் இப்பிடிக் கண்டிருக்கிறன். மற்ற நாலும் மத்தியானம் மெலிஞ்சு காலமை பருத்துது. இது மெலிஞ்சது பருக்கேல்லை.”

“உங்களுக்கு எப்ப தெரியும்?”

“பிஞ்சு விட்ட கிழமை.”

எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. “ஏழு மாசம், அக்கா! ஏழு மாசம் ஒண்டும் சொல்லாமல் என்னை வாளி வாளியா அள்ள விட்டுப்போட்டு! உது வீட்டுக்கு மேலை விழுந்திருந்தா?”

“விழுந்தாலும் எண்டுதானே கொப்பைக் குறைச்சது. அறையும் மாறினது,” என்றார். ஏதோ சீலை மாற்றியதைச் சொல்வதுபோலச் சொன்னார். அவர் அத்தனை மாதமும் அந்த மரத்தின் கீழே, மகளின் கட்டிலில் தான் படுத்துக் கிடந்தார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். ஆளுக்கு அதெல்லாம் பழக்கமில்லை. “விடுங்கோ தங்கச்சி, கை முழுக்க மண்,” என்றார்.

அந்தக் கிழமையே மரத்தைத் தறித்து, அடிக்கட்டையையும் கிளப்பி எரித்தோம். மற்ற நாலும் இன்றைக்கும் நிற்கின்றன. கொப்பு முறியக் காய்க்கின்றன, காய்க்கிற காலத்தில்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வேதக் கோயில் பூசைக்குப் போய்விட்டு வழமையை விடப் பிந்தி வந்தார். பேத்தியை மடியில் வாங்கிக்கொண்டு விறாந்தையில் இருந்தார். ஏன் சுணக்கம் என்று கேட்டேன்.

“பாவசங்கீர்த்தனத்துக்கு, சுவாமியாரிட்டைப் பாவத்தைச் சொல்ல நிண்டனான்.”

“உங்களுக்கென்ன பாவம் அக்கா?”

“பொய் சொன்னனான்தானே. நல்லாக் குடிக்குது எண்டு.”

“சுவாமியார் என்ன சொன்னவர்?”

“மனம் வருந்துறியோ எண்டு கேட்டார். இல்லைச் சுவாமி எண்டன். கோயிலுக்குள்ளை நிண்டு இன்னொரு பொய் சொல்லேலுமே?”

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “பிறகு?”

“ஏன் வருத்தமில்லை எண்டு கேட்டார், மரத்தின்ரை கதையை முழுக்கச் சொன்னன்,” என்றார் அக்கா, பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டு. “பிறகு கேட்டார், பிறந்தது ஆம்பிளைப் பிள்ளையோ பொம்பிளைப் பிள்ளையோ எண்டு.”